தாயைப் பார்க்காத குஞ்சுகள்

கோயம்புத்தூர்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய படங்கள் வந்தன. கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் போட்டது நல்லது, வெயில் உள்ளே விழாது. தரையில் தேங்காய் நார்த்தூள் பரப்பியிருப்பதையும் பார்த்தேன். அம்மாவிடம் காட்டினேன், அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

படங்களோடு மருந்துக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டையும் அனுப்பியிருந்தாய். "முதல் அஞ்சு நாளைக்கு இதைத் தண்ணியில கலந்து குடுத்தா குஞ்சு சாகாதுங்கறாங்க. குடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டிருந்தாய். போனில் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். ஆனால் காரணம் தெரியாமல் இருந்தால், முதல் குஞ்சு தலை தொங்கியதும் உன் கை அந்த டப்பாவைத்தான் தேடும். கடன் வாங்கிப் பண்ணை போட்டிருக்கிறாய், பயம் இருக்கத்தான் செய்யும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

சீட்டில் இருக்கும் மருந்து என்ரோஃப்ளாக்சசின். போன வருசம் அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தபோது டாக்டர் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசினும் இதுவும் ஒரே குடும்பம். கோழியின் உடம்புக்குள் போனதும் என்ரோஃப்ளாக்சசினில் ஒரு பங்கு சிப்ரோவாகவே மாறுகிறது. கோழியிலிருந்து மனிதருக்கு வரும் கேம்பைலோபாக்டர் என்ற கிருமி இந்த மருந்துக் குடும்பத்துக்கே அடங்காமல் போவதைப் பார்த்துத்தான், 2005 இல் அமெரிக்காவில் கோழிகளுக்கு இதைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். நம்மூரில் ஒரு வியாதியும் இல்லாத ஒரு நாள் குஞ்சுக்கு இதைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறோம்.

என் வேலை உனக்குத் தெரியும். நோயாளியின் ரத்தமோ சிறுநீரோ சீழோ வந்தால் அதிலிருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டுகளைத் தட்டில் வைப்போம். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வளையம் ஒன்று தெரியும். வேலை செய்யாவிட்டால் வட்டின் விளிம்புவரை கிருமி வளர்ந்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு தட்டில் ஒன்றிரண்டு மருந்துகள் தோற்கும். இப்போது ஒரு வளையம்கூட இல்லாத தட்டுகள் வருகின்றன. அதுவும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வந்த ரத்தமாக இருந்தால், அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவதைவிடக் கடினமான வேலை எங்கள் ஆய்வகத்தில் வேறு கிடையாது. 2019 ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுவதும் 12.7 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

"என் ஐந்நூறு கோழிக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். இதற்கு 1976 இலேயே ஒருவர் பதில் சொல்லிவிட்டார். ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர், பாஸ்டன் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் பண்ணையில் கோழிகளை இரண்டு பிரிவாக வைத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் போட்டார். ஒரே வாரத்தில் அந்தக் கோழிகளின் குடலிலிருந்த பாக்டீரியாக்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த மருந்துக்கு அடங்காதவையாகிவிட்டன. அவர் அதோடு விடவில்லை. பண்ணையில் குடியிருந்தவர்களின் மலத்தையும் அக்கம்பக்கத்தாரின் மலத்தையும் வாராவாரம் வாங்கிச் சோதித்துக்கொண்டே வந்தார். ஐந்தாறு மாதத்துக்குள் பண்ணை ஆட்கள் 11 பேரில் 7 பேருடைய குடலில், ஒரு முறைக்கு மேலாகவே, 80 சதவீதத்துக்கும் அதிகமான குடல் பாக்டீரியாக்கள் டெட்ராசைக்ளினுக்கு அடங்காதவையாக இருந்தன. அக்கம்பக்கத்தார் 24 பேரில் அப்படி இருந்தவர்கள் 3 பேர்தான். தீவனம் போட்டது கோழிக்கு. மாறியது வீட்டு மனிதர்களின் வயிறு. அந்த எதிர்ப்புத் தன்மை டெட்ராசைக்ளினோடும் நிற்கவில்லை. பல மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே மரபணுத் துண்டில் சேர்ந்திருந்தது, அந்தத் துண்டு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியதாகவும் இருந்தது.

கொட்டகைக்கும் உன் வீட்டு வாசலுக்கும் எவ்வளவு தூரம் என்று படத்தில் பார்த்தேன். பாப்பா தவழும் வயதில் இருக்கிறாள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கோலிஸ்டின் என்ற பெயரையும் நினைவில் வைத்துக்கொள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த மருந்து அது. மற்ற மருந்துகள் எல்லாம் கைவிட்ட பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்று அதைத்தான் கடைசியாக எடுக்கிறார்கள். அதே மருந்தைக் கோழியும் பன்றியும் சீக்கிரம் எடை போட வேண்டும் என்று பல நாடுகளில் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். கோலிஸ்டினை வெல்லும், தாவக்கூடிய மரபணு ஒன்று 2015 இல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் சேர்ந்தே கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. பழைய சரக்கு என்று யார் நீட்டினாலும் வாங்காதே.

இனி உன் குஞ்சுகளின் கதைக்கு வருகிறேன். இதைத்தான் நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

1971 இல் பின்லாந்தின் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மொனெல்லா பரவியது. எஸ்கோ நூர்மி என்ற ஆராய்ச்சியாளர் ஒன்றைக் கவனித்தார். வளர்ந்த கோழியின் குடலில் அந்தக் கிருமி எளிதில் தங்குவதில்லை, ஆனால் அன்று பொரித்த குஞ்சுக்கு அது துளியளவு போதும். என்ன வித்தியாசம்? வளர்ந்த கோழியின் குடலில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. பொரிப்பானில் பிறந்த குஞ்சின் குடல் காலியாக இருக்கிறது. நூர்மியும் அவருடைய சகா ரன்டாலாவும் வளர்ந்த சேவல்களின் குடலில் இருந்ததை எடுத்துக் கரைத்துப் புதுக் குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். பிறகு வேண்டுமென்றே சால்மொனெல்லாவையும் கொடுத்துப் பார்த்தார்கள். புகட்டாத குஞ்சுகளின் குடலில் அது பல்கிப் பெருகியது. புகட்டிய குஞ்சுகளில் பெரும்பாலானவை தப்பின. 1973 இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. பின்னாளில் இதை வைத்தே பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் பாக்டீரியாக் கலவைகள் வந்தன. அமெரிக்காவில் 1998 இல் அனுமதி பெற்ற ஒரு கலவையில் 29 வகை பாக்டீரியாக்கள் இருந்தன.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நம் வீட்டு அடைக்கோழிதான் கண்முன் வருகிறது. பொரித்த குஞ்சுகள் அன்றே தாயின் பின்னால் ஓடும். அது கிளறிய மண்ணையும் அதன் எச்சத்தையும் கொத்தும். தாயின் குடலிலிருந்த பாக்டீரியாக்கள் முதல் ஓரிரு நாளிலேயே குஞ்சுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். யாரும் எந்த மருந்தும் கொடுத்ததில்லை. உன் கொட்டகைக்கு வரப்போகும் ஐந்நூறும் தாயைப் பார்க்காத குஞ்சுகள். அட்டைப் பெட்டியில், பெட்டியோடு வந்த கிருமியோடு இறங்கும். அவற்றின் குடலில் முதலில் யார் குடியேறுகிறார்கள் என்பது அந்த முதல் சில நாட்களில்தான் முடிவாகிறது. சரியாக அந்த ஐந்து நாளில் என்ரோஃப்ளாக்சசினைக் கொடுத்தால் என்ன ஆகும்? நல்லது கெட்டது பார்க்காமல், மருந்துக்குச் சாகிறவை எல்லாம் சாகும். மருந்துக்குச் சாகாதவைக்கு ஒரு முழுக் குடலும் போட்டியில்லாமல் கிடைக்கும். கடைக்காரர் பாதுகாப்பு என்று சொல்வது இதைத்தான், கண்ணு.

நல்ல பாக்டீரியா எப்படிக் காக்கிறது என்பதை உனக்கு விளக்குவது எளிது. மஞ்சள் விதைக்கிழங்கையும் நெல் விதையையும் சூடோமோனாஸில் நேர்த்தி செய்யாமல் நீ நடுவதில்லை. அந்தப் பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறி, மண்ணிலிருக்கும் இரும்புச்சத்தைத் தானே வளைத்துக்கொண்டு, நோய்ப் பூஞ்சைக்கு இடமும் இரையும் இல்லாமல் செய்கிறது, சில நஞ்சுகளையும் சுரக்கிறது. குடலிலும் நடப்பது இதேதான். நல்ல பாக்டீரியாக்கள் குடல் சுவரில் இடம் பிடிக்கின்றன, இரையைத் தின்று தீர்க்கின்றன, சால்மொனெல்லாவுக்கு ஒவ்வாத அமிலங்களைச் சுரக்கின்றன. சில வகைகள் பாக்டீரியோசின் என்ற சின்னப் புரதங்களை விட்டுத் தங்களுக்கு நெருங்கிய உறவான கிருமிகளை மட்டும் கொல்கின்றன. வயலில் நீ நம்பிச் செய்வதைக் கொட்டகையில் ஏன் நம்பக்கூடாது?

இது கோழிக்கு மட்டும் உள்ள விஷயம் அல்ல. நான் மிகவும் மதிக்கும் ஒரு ஆய்வு நம் நாட்டிலேயே, ஒடிசா கிராமங்களில் நடந்தது. பினாகி பாணிகிரஹி என்ற மருத்துவரும் அவர் குழுவும் பல ஆண்டுகள் தேடி, பச்சிளங்குழந்தையின் குடலில் தங்கக்கூடிய ஒரு லாக்டோபேசிலஸ் வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதையும், அதற்கு இரையாக ஒரு வகைச் சர்க்கரையையும் சேர்த்து, பிறந்த சில நாட்களிலிருந்து ஏழு நாள் மட்டும் வாய்வழியாகக் கொடுத்தார்கள். மொத்தம் 4,556 குழந்தைகள் பங்கேற்றார்கள். பாதிப் பேருக்கு மருந்தில்லாத பொடி. இரண்டு மாதம் கண்காணித்தார்கள். மருந்தில்லாத பொடி பெற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கு ரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தது. பாக்டீரியா பெற்றவர்களில் அது 5.4 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தினார்கள். 2017 இல் இது வெளிவந்தது. வளையமில்லாத தட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்த கண்ணுக்கு அந்த எண்கள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. நோய் வந்த பிறகு எந்த மருந்துக்கு அடங்கும் என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் நோய் வர வேண்டிய இடத்தில் முன்பே ஆளை உட்கார வைத்துவிட்டார்கள்.

தாய்லாந்தில் இன்னொன்று. கிராமத்து மக்கள் 200 பேரின் குடலைச் சோதித்தபோது, பேசிலஸ் என்ற பாக்டீரியா இருந்த ஒருவரிடம்கூட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இல்லை. சீழ்க் கட்டியிலிருந்து ரத்தத் தொற்று வரை கொண்டுபோகிற கிருமி அது. ஆராய்ந்து பார்த்தால் பேசிலஸ் அதைக் கொல்வதே இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் குடலில் தங்குவதற்குத் தங்களுக்குள் ஒரு வேதிச் சைகை அனுப்பிக்கொள்ள வேண்டும். பேசிலஸ் சுரக்கும் ஒரு பொருள் அந்தச் சைகையை மறித்துவிடுகிறது. பிறகு பேசிலஸை மாத்திரையாகவே கொடுத்துப் பார்த்து 2023 இல் முடிவை வெளியிட்டார்கள். மலத்தில் அந்தக் கிருமியின் அளவு 96.8 சதவீதம் குறைந்திருந்தது. கொல்லாமலேயே வெளியேற்றுவதால், அதை எதிர்த்து நிற்கும் கிருமி உருவாகும் அழுத்தமும் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். மனிதரின் மூக்கில் வாழும் இன்னொரு பாக்டீரியா சுரக்கும் லுக்டுனின் என்ற பொருளும், மருந்துக்கு அடங்காத இதே ஸ்டஃபைலோகாக்கஸைக் கொல்கிறது என்று 2016 இல் ஜெர்மனியில் கண்டார்கள். அது இன்னும் மருந்தாகக் கைக்கு வரவில்லை.

நீ ஆர்வக்காரன். இதைப் படித்ததும் அம்மாவின் கோழி எச்சத்தைக் கரைத்துக் குஞ்சுகளுக்கு ஊற்றினால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதே. அந்த எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம், ரத்தக்கழிச்சல் கிருமி இருக்கலாம், வெள்ளைக்கழிச்சல் வைரஸ் இருக்கலாம். மனிதரிலும் இந்தப் பாடம் உண்டு. ஆன்டிபயாடிக் தின்று குடல் வெறுமையாகி ஒரு கொடிய வயிற்றுப்போக்கு வருகிறவர்களுக்கு, நல்ல உடம்புக்காரரின் மலத்திலிருந்து பாக்டீரியாக்களைச் செலுத்துகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் நடந்த சோதனையில் 16 பேரில் 13 பேருக்கு ஒரே முறையில் குணமானது. அவ்வளவு நல்ல சிகிச்சையிலும், கொடுத்தவரின் மலத்தைச் சரியாகச் சோதிக்காமல் விட்டதால், அதிலிருந்த மருந்துக்கு அடங்காத கிருமி தாக்கி ஒருவர் இறந்ததாக 2019 இல் அமெரிக்காவில் எச்சரிக்கை விட்டார்கள். புரோபயாடிக், அதாவது உயிருள்ள நல்ல பாக்டீரியா, கொடுத்த குறைமாதக் குழந்தை ஒன்று அதே பாக்டீரியாவால் இறந்ததும் உண்டு. எந்தப் பாக்டீரியா, யாருக்கு, எந்த வயதில் என்பதுதான் எல்லாமே. கடையில் புரோபயாடிக் என்று எழுதியிருக்கும் எந்தப் பாக்கெட்டும் நல்லது என்று நினைத்துவிடாதே. பாக்டீரியாவின் பெயரும் கிராமுக்கு எத்தனை உயிரோடு இருக்கிறது என்ற எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாததை வாங்காதே.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குஞ்சு இறங்குவதற்கு முன் ஒரு நாள் போய் அங்கே மருத்துவரைப் பார்த்து, உன் பகுதிக்கு எந்தப் புரோபயாடிக் ஏற்றது, எப்போது ஆரம்பிப்பது என்று கேள். முதல் நாளிலேயே ஆரம்பித்தால்தான் பயன். சால்மொனெல்லா குடியேறிய பிறகு கொடுத்துப் புண்ணியமில்லை. பேசிலஸ் வகை விதைபோல உறங்கும் நிலையில் இருப்பதால் தீவனத்தின் சூட்டையும் தாங்கும். லாக்டோபேசிலஸ் வகை தாங்காது. குளோரின் கலந்த தண்ணீரில் அதைக் கரைத்தால் குஞ்சின் வாய்க்குப் போவதற்குள் செத்துவிடும். ஆன்டிபயாடிக்கையும் புரோபயாடிக்கையும் ஒரே நேரத்தில் கொடுக்கச் சொல்வாரும் உண்டு. கேட்காதே.

அதைவிட முக்கியம், முதல் வாரம் குஞ்சுகள் சாவதற்குக் குளிரும் தண்ணீர்க் குறைவும் பெரிய காரணங்கள். புரூடிங் சூடு 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினால் குளிர், ஓரமாக ஒதுங்கினால் அதிகச் சூடு, பரவலாக நடமாடினால் சரி. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய், எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. அதற்கு ஏழாம் நாளுக்குள் சொட்டுத் தடுப்பூசி போட வேண்டும். ரத்தக்கழிச்சல் ஈரமான நார்த்தூளில் வளரும் ஒட்டுண்ணியால் வருவது, அதற்கும் உன் சீட்டிலிருக்கும் மருந்து ஆகாது. நார்த்தூளைக் கிளறிவிடு, நனைந்ததை அள்ளி வெளியே போடு. பாதி மருந்துச் செலவு அதிலேயே குறையும்.

அப்படியும் குஞ்சுகள் நோயில் விழுந்தால், செத்ததைப் புதைத்துவிடாமல் அன்றே ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல். பாக்டீரியாதான் காரணம் என்று தெரிந்து மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை முழுவதும் கொடு. நோயுள்ள உயிருக்கு மருந்து மறுக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மருந்து நிறுத்திய பிறகு எத்தனை நாள் கழித்துக் கோழியை விற்கலாம் என்று கேட்டு, அதுவரை விற்காதே.

நீ ஒருவன் திருந்தினால் ஊர் திருந்திவிடுமா என்று யாராவது கேட்பார்கள். டென்மார்க்கில் 1995 இல், மருத்துவமனையின் வான்கோமைசினுக்கு நெருங்கிய உறவான ஒரு தீவன மருந்தைத் தடை செய்தபோது, கோழிகளிலிருந்து எடுத்த ஒரு வகைக் குடல் கிருமியில் பத்தில் ஏழுக்கு மேல் வான்கோமைசினுக்கு அடங்காதவையாக இருந்தன. ஐந்து ஆண்டுகளில் அது நூற்றுக்கு ஆறளவில் இறங்கியது. கொடுப்பதை நிறுத்தினால் குறைகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடு. இந்த வாரமே நாமக்கல் போய்விட்டு வா. மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும், முதல் வாரத்தில் எத்தனை குஞ்சுகள் பிழைத்தன என்பதையும் மறைக்காமல் எனக்கு எழுது. எண்ணிக்கை எதுவானாலும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் அக்கா